சார்ஜிங் பின்: தேய வேண்டியது போனா, வயரா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



"ப்ரோ, சார்ஜிங் பின் லூஸ் ஆயிடுச்சு. கடைக்காரர் போர்டே மாத்தணும்னு சொல்றாரு. வீட்டிலேயே ஏதாவது பண்ண முடியுமா?" இந்த ஒரே கேள்வி ரொம்ப நாளா வந்துக்கிட்டே இருக்கு. எப்படிப் பண்றதுன்னு மட்டும் சொன்னா பத்து நிமிஷத்துல எபிசோட் முடிஞ்சிடும். ஆனா அந்தச் சின்ன ஓட்டைக்குப் பின்னாடி ஒரு இருபத்தஞ்சு வருஷக் கதை இருக்கு. அதுல கணிசமான பகுதி நம்ம ஊரைச் சுத்தியே நடந்திருக்கு. அந்தக் கதை தெரிஞ்சா எதை நாமே தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு தானா புரிஞ்சிடும். அதனால இன்னைக்கு வரலாறு முதல்ல, ஈர்க்குச்சி அப்புறம்.

ஒரு சின்ன விளக்கம். கடையில எல்லாரும் "சார்ஜிங் பின்" அல்லது "சிசி பின்"னுதான் சொல்றாங்க. போன்ல இருக்கிற ஓட்டையைத்தான் அப்படிச் சொல்றாங்க. நானும் இந்த எபிசோட் முழுக்க அப்படியே சொல்றேன். வயரோட முனையை "முனை"ன்னே சொல்லிடறேன், குழப்பம் வேண்டாம்.

நம்ம ஊர்னு நான் சொல்றது பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல அது காஞ்சிபுரம், திருவள்ளூர்னு ரெண்டாப் பிரிஞ்சது. 2019 நவம்பர்ல காஞ்சிபுரத்துல இருந்து செங்கல்பட்டு மறுபடியும் தனி மாவட்டமா வந்துச்சு. மாமல்லபுரம் செங்கல்பட்டுக்கு வந்தது, ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரத்திலேயே தங்கிடுச்சு. ஆனா இந்தக் கதை தொடங்கும்போது ரெண்டும் ஒரே மாவட்டம். ஒரு பக்கம் போன் செய்யற ஊர், இன்னொரு பக்கம் அந்தப் போனை உப்புக் காத்து தின்கிற ஊர். நடுவுல ஒரு அறுபது கிலோமீட்டர்.

2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா தொழிற்சாலை தொடங்கியது. முந்தைய வருஷம்தான் தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. அந்த வளாகத்துக்குள்ள நோக்கியா மட்டும் வரல. உதிரிபாகம் செய்யற கம்பெனிகளையும் கூடவே கூட்டிட்டு வந்தாங்க. அதுல ஒண்ணு சால்காம்ப். ஃபின்லாந்து கம்பெனி, வேலையே சார்ஜர் செய்யறதுதான். ஆயிரக்கணக்கான பேர் ஷிஃப்ட் ஷிஃப்டா வேலை பார்த்தாங்க, பெரும்பாலும் இளம் பெண்கள். கம்பெனி பஸ் சுத்துவட்டாரக் கிராமங்கள்ல எல்லாம் நின்னு ஏத்திட்டுப் போகும். அந்தக் காலத்துல இந்தப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு அது நல்லா ஞாபகம் இருக்கும்.

அந்த நோக்கியா போன்களோட சார்ஜிங் பின் எப்படி இருந்துச்சு? வட்டமா ஒரு ஓட்டை. முதல்ல 3.5 மிமீ தடிமனான முனை, நாம "பெரிய பின்"னு சொல்வோம். அப்புறம் 2 மிமீ மெல்லிய முனை, "சின்ன பின்". மின்சாரக் கணக்குல பார்த்தா இதைவிட எளிமையா ஒண்ணு இருக்க முடியாது. உள்ளே ஒரு தொடுமுனை, வெளியே ஒரு தொடுமுனை. பிளஸ், மைனஸ். அவ்வளவுதான். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். இருட்டுல தடவிக்கூடச் செருகலாம். "ரெண்டு பக்கமும் செருகலாம்"னு டைப்-சி பத்திப் பெருமையா பேசும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வட்டமான பின்னுக்குப் பக்கமே கிடையாதே!

ரிப்பேரும் அதே மாதிரி எளிமை. அந்தக் காலத்துப் பல மாடல்கள்ல சார்ஜிங் பின் தனி பாகம். போர்டுல சால்டர் பண்ணாம ஸ்பிரிங் மாதிரி இருக்கிற தொடுமுனைகளால அழுத்திப் பிடிச்சிருக்கும். திருப்புளி ஒண்ணு, பாகம் ஒண்ணு இருந்தா போதும். பெட்டிக்கடை ஓரத்துல ஒரு மேஜை போட்டு ரிப்பேர் பண்ணினவங்க எல்லாம் அப்படித்தான் தொழில் கத்துக்கிட்டாங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வந்தா ஒரு மாசத்துக்கான சரக்கு கிடைச்சிடும்.

பிரச்சினை வேற இடத்துல இருந்துச்சு. நோக்கியாவுக்கு ஒரு முனை, சோனி எரிக்சனுக்கு ஒரு முனை, சாம்சங்குக்கு ரெண்டு மூணு, மோட்டோரோலாவுக்கு ஒண்ணு. பஸ் ஸ்டாண்டுல ஒரே வயர்ல பத்துத் தலை தொங்குற சார்ஜர் விப்பாங்களே, ராவணன் மாதிரி, அது அந்தக் காலத்துச் சின்னம். கல்யாண வீட்டுல "யார்கிட்டயாவது சின்ன பின் சார்ஜர் இருக்கா"ன்னு ஒருத்தர் சுத்திட்டு இருப்பார்.

இதைச் சரிபண்ணணும்னு உலகம் பூரா பேச ஆரம்பிச்சாங்க. சீனா 2006 கடைசியிலேயே சார்ஜருக்கு ஒரு தர விதி கொண்டுவந்துச்சு. 2007 ஜனவரியில மைக்ரோ-யுஎஸ்பி வரையறை வெளியாச்சு. 2009 ஜூன்ல ஐரோப்பிய ஆணையம் பெரிய போன் கம்பெனிகளை உட்கார வெச்சு, இனிமே மைக்ரோ-யுஎஸ்பிதான்னு ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்குச்சு. நோக்கியா, சாம்சங், மோட்டோரோலா எல்லாரும் இருந்தாங்க, ஆப்பிளும் இருந்துச்சு. அதே அக்டோபர்ல ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவும் ஒப்புக்கிச்சு.

இந்த இடத்துல ஒரு அழகான பொறியியல் முடிவு எடுக்கப்பட்டது. அதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

ரெண்டு உலோகம் உரசி உரசிச் சேரும்போது ஏதாவது ஒண்ணு தேயத்தான் செய்யும். தேயறதைத் தடுக்க முடியாது, எது தேயணும்னு தேர்ந்தெடுக்கத்தான் முடியும். மைக்ரோவுக்கு முன்னாடி மினி-யுஎஸ்பின்னு ஒண்ணு இருந்துச்சே, பழைய கேமரா, எம்பி3 பிளேயர்ல எல்லாம். அதுல முனையை இறுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் சாதனத்துக்குள்ள இருந்துச்சு. ஸ்பிரிங் தளர்ந்தா சாதனமே போச்சு. அதோட ஆயுள் 5,000 தடவை செருகி எடுக்கிறதுன்னு கணக்கு. மைக்ரோ-யுஎஸ்பில அந்த ஸ்பிரிங்கைத் தூக்கி வயர் முனையில வெச்சாங்க. மைக்ரோ முனையோட தட்டைப் பக்கத்துல ரெண்டு குட்டிக் கொக்கி தெரியும் பாருங்க, அதுதான். தளர்ந்தா வயரைத் தூக்கிப் போட்டுட்டு நூறு ரூபாய்க்குப் புது வயர் வாங்கிக்கலாம், போன் தப்பிச்சிடும். ஆயுள் கணக்கும் 10,000 தடவையா ஏறிச்சு. ஒரு நாளைக்கு மூணு தடவை செருகினாலும் ஒன்பது வருஷம்.

காகிதத்துல இது அருமையான யோசனை. நடைமுறையில என்ன ஆச்சு? மைக்ரோவுக்கு ஒரே ஒரு சரியான பக்கம்தான் இருந்துச்சு. தூக்கக் கலக்கத்துல தலைகீழா வெச்சு அமுக்குவோம். ஸ்பிரிங் தேயறதுக்கு முன்னாடி, பின்னையே போர்டோட பிடிச்சிருந்த ஈயம் விட்டுப்போச்சு. பின்னோட கால்கள் போர்டைத் துளைச்சு மறுபக்கம் வரைக்கும் போயிருந்தா தாங்கும். மேலாக ஒட்டி மட்டும் வெச்சிருந்தா ஒரு நாள் பேந்துக்கிட்டு வந்திடும். 2009-ல வந்த நோக்கியா என்900 இந்த விஷயத்துல பேர் போன போன். அதை வெச்சிருந்தவங்க எல்லாம் பின் பேந்துபோன கதை சொல்வாங்க.

ஆக, தேய்மானத்தை வயருக்கு மாத்தியாச்சு, ஆனா முறிவு போன் பக்கம் வந்துடுச்சு. ரிப்பேரும் திருப்புளியில இருந்து சால்டரிங் அயனுக்கு மாறிடுச்சு. மைக்ரோவுல அஞ்சு கால்தான், கை நடுங்காதவங்க அயன்லயே போட்டுடலாம். நம்ம பக்கத்துக் கடைக்காரங்க அதையும் கத்துக்கிட்டாங்க.

இப்ப 2014. அந்த ஆகஸ்ட்ல யுஎஸ்பி டைப்-சியோட முதல் வரையறை வெளிவந்துச்சு. அதே வருஷம் நவம்பர் 1-ல ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை நின்னுபோச்சு. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நோக்கியா தன் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்டுக்கு வித்தப்போ, வரி வழக்குகளால இந்தத் தொழிற்சாலை மட்டும் அந்த விற்பனைக்குள்ள வரல. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்தத்துல செஞ்சு கொடுத்தாங்க. அந்த ஆர்டரும் நின்னதும் கதவைச் சாத்திட்டாங்க. டிசம்பர்ல பக்கத்துல இருந்த ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்துச்சு. விருப்ப ஓய்வுன்னு ஒரு தொகை வாங்கிட்டு, இருபதுகளோட நடுவுல இருந்த ஆயிரக்கணக்கான பேர் வீட்டுக்குப் போனாங்க. நுண்ணோக்கி வெச்சுப் பார்க்கிற வேலை, கைப்பழக்கம் எல்லாம் தெரிஞ்சவங்க அவங்க. அந்தத் திறமைக்கு அப்போ ஊர்ல வேற இடம் இல்ல. ரிப்பேர் கடைகள்லகூட பெண்களை ரொம்ப அபூர்வமாத்தான் பார்க்கிறேன். இது எனக்கு இன்னும் உறுத்தற விஷயம்.

சரி, டைப்-சிக்கு வருவோம். மேல 12, கீழ 12, மொத்தம் 24 தொடுமுனைகள். ஸ்பிரிங் எல்லாம் வயர் முனைக்குள்ள. போன் பக்கம் நடுவுல அசையாத ஒரு மெல்லிய நாக்கு, ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. தேயறது வயர்தான் என்கிற மைக்ரோவோட கொள்கை இங்கேயும் தொடருது. அதனால டைப்-சி லூஸா இருந்தா முதல்ல வேற ஒரு நல்ல வயரைப் போட்டுப் பாருங்க. நிறைய கேஸ் அங்கேயே முடிஞ்சிடும்.

ஆப்பிள் 2012-ல லைட்னிங்னு தனி வழி போச்சு. அதுல நாக்கு வயர்ல, ஸ்பிரிங் தொடுமுனைகள் போனுக்குள்ள. நாக்கு உடைஞ்சா வயரோட போகும், அது நல்லது. ஸ்பிரிங் தளர்ந்தா போன்ல கைவைக்கணும், அது கெட்டது. எது சிறந்ததுன்னு இன்ஜினியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல சட்டம் போட்டு அந்தச் சண்டையை முடிச்சு வெச்சுது. 2024 டிசம்பர் 28-ல இருந்து அங்கே விக்கிற போன் எல்லாத்துலயும் டைப்-சி. நம்ம ஊர்லயும் பிஐஎஸ் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டாச்சு. 2023 செப்டம்பர்ல ஐபோன் 15 டைப்-சியோட வந்தப்போ அதுல ஒரு பங்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில செஞ்சது.

இப்ப கடற்கரைக்குப் போவோம். 24 தொடுமுனைகளை இவ்வளவு நெருக்கமா அடுக்கி, அதுல உப்புத் தண்ணி பட்டா என்ன ஆகும்?

மாமல்லபுரத்துல ஒரு மொபைல் கடையில உட்கார்ந்திருந்தேன். பாலித்தீன் கவர்ல சுத்தின போனோட ஒரு மீனவர் அண்ணன் வந்தார். கடைத் தம்பி பார்த்ததுமே, "என்னண்ணே, மறுபடியும் பச்சை பூத்துடுச்சா?"ன்னு கேட்டான். "கவர்லதான்பா வெச்சிருந்தேன், போட்டுல வெளியவே எடுக்கல"ன்னார் அவர். "போட்டுல எடுக்கல சரி. கரைக்கு வந்து ஈரக் கையோடதானே சார்ஜ்ல போட்டீங்க?" அண்ணன் பதில் சொல்லல, சிரிச்சார்.

அந்தத் தம்பி சொன்னது முழுக்க வேதியியல். உப்புத் தண்ணி மின்சாரத்தைக் கடத்தும். சார்ஜர் போட்டதும் 5 வோல்ட் தொடுமுனைக்கும் பக்கத்துல இருக்கிற தொடுமுனைக்கும் நடுவுல அந்த ஈரம் வழியா மின்சாரம் பாயும். பிளஸ் பக்கம் இருக்கிற உலோகம் கரைஞ்சு போகும். தங்க முலாம் ரொம்ப மெல்லிசு, அதுக்குக் கீழ நிக்கல், அதுக்கும் கீழ தாமிரக் கலவை. பச்சையா தெரியறது அந்தத் தாமிரத்தோட உப்பு. வெறும் ஈரம் நாள் கணக்குல செய்யற கெடுதியை, ஈரமும் சார்ஜரும் சேர்ந்தா நிமிஷக் கணக்குல செஞ்சிடும். அதனாலதான் இப்போ நிறைய போன்கள் பின்ல ஈரம் இருந்தா எச்சரிக்கை காட்டிட்டு சார்ஜை நிறுத்திடுது. அதை மதிங்க. அரிசி டப்பாவுல போடற வைத்தியத்தை ஆப்பிளே வேண்டாம்னு சொல்லியிருக்கு. தவிடும் துகளும் உள்ளே போறதுதான் மிச்சம்.

கோவளத்துல இருந்து தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரைக்கும் வரிசையா மீனவக் குப்பங்கள். கடல் அலை, காத்து, மீன் கூட்டம் எங்கே இருக்கும்னு ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் தர்ற தகவல் எல்லாம் போன்லதான் வருது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஃபிஷர் ஃபிரெண்ட் செயலி அதுக்காகவே வந்தது. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் இந்த மாமல்லபுரம் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. அப்படி ஒரு ராத்திரியில கரண்ட் போயிடும், பவர் பேங்க் இருக்கும், ஆனா வயரை ஒரு கையால அழுத்திப் பிடிச்சாதான் சார்ஜ் ஏறும்னா அந்த வீட்டுக்கு அது சின்ன ரிப்பேரா? எனக்கு ஆபீஸ்ல இன்னொரு போன் இருக்கும். அவருக்கு இருக்கிறது ஒண்ணுதான்.

உப்பு மட்டும் இல்ல. மாமல்லபுரத்துல சிற்பக் கூடங்கள் நிறைய. கருங்கல் செதுக்கிற தூள் தெருவெல்லாம் பறக்கும். அது மின்சாரம் கடத்தாது, ஆனா உப்புக் காகிதம் மாதிரி தேய்க்கும். கடற்கரைக் கருமணல்ல காந்தத்துல ஒட்டுற மேக்னடைட் இருக்கு. போனோட ஸ்பீக்கர்ல காந்தம் உண்டு, அதுவும் சார்ஜிங் பின்னுக்குப் பக்கத்துலயே. மணல்ல போன் விழுந்தா ஸ்பீக்கர் வலையில மீசை முளைச்ச மாதிரி ஒட்டிக்கும், பார்த்திருப்பீங்க.

உப்பை எப்படி எடுக்கிறது? இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பாடம் இருக்கு. கடற்கரைக் கோயில். பல்லவர் காலத்துல, ராஜசிம்மன் கட்டினது, ஆயிரத்து முந்நூறு வருஷமா உப்புக் காத்துல நிக்குது. கல்லோட நுண்துளைக்குள்ள உப்பு போய்ப் படிகமாகி, உள்ளேயிருந்தே கல்லை உதிர்க்குது. தொல்லியல் துறை என்ன பண்றாங்க? சுரண்டறதில்ல. காகிதக் கூழைச் சுத்தமான தண்ணியில நனைச்சுக் கல்மேல அப்பி வைக்கிறாங்க. உப்பு தண்ணியில கரைஞ்சு கூழுக்கு வந்திடும். காய்ஞ்சதும் உரிச்சு எடுத்துட்டு மறுபடியும் புதுசா அப்புறாங்க.

போனுக்கும் இதே விதிதான். கடையில எல்லாரும் ஐபிஏ, அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுக் கழுவறாங்க. எண்ணெய்ப் பிசுக்குக்கு அது நல்லது. ஆனா சாப்பாட்டு உப்பு ஆல்கஹால்ல கரையவே கரையாதுன்னு சொல்லலாம். தண்ணியிலதான் கரையும். அதனால உப்புத் தண்ணி பட்ட பின்னுக்கு முதல்ல டிஸ்டில்டு வாட்டர். வீட்டுல இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்த வெச்சிருப்பீங்களே, அதேதான். போனை ஆஃப் பண்ணிட்டு, வாய் கீழ்ப்பக்கமா பிடிச்சு, மெல்லிய பிரஷ்ஷை நனைச்சு உதறிட்டு மூணு நாலு தடவை தடவுங்க. ஊத்தாதீங்க, எல்லாப் போனும் தண்ணி புகாத போன் இல்ல. அப்புறம் 99 சதவீத ஐபிஏ ஒரு தடவை, அது மிச்ச தண்ணியை இழுத்துக்கிட்டு ஆவியாகும். ஃபேன் காத்துல சில மணி நேரம் விட்டுட்டுத்தான் சார்ஜர். கைக்குப் போடற சானிடைசர் வேண்டாம், அதுல தண்ணியும் கிளிசரினும் கலந்திருக்கும்.

உப்பு படாத சாதாரண லூஸ் பின்னுக்குக் காரணம் முக்கால்வாசி பஞ்சுதான். பேன்ட் பாக்கெட்ல இருக்கிற நூல் துகள் நாக்கைச் சுத்தி இருக்கிற பள்ளத்துல விழும். ஒவ்வொரு தடவை வயர் செருகும்போதும் அதை நாமே இடிச்சு அடைக்கிறோம். கடைசியில முனை முழுசா உள்ளே போகாது, அந்த "டிக்"னு பிடிக்கிற உணர்வு இருக்காது. போனை ஆஃப் பண்ணுங்க. டார்ச் அடிச்சுப் பாருங்க. ஊக்கு, ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம், நாக்குல இருக்கிற தொடுமுனையைக் கீறிடும். பல் குத்துற குச்சி சிலதுல தடிமனா இருக்கும், பிளேடால சீவிக்கலாம். என் கருத்து, புது விளக்குமாத்துல இருந்து எடுத்த காய்ஞ்ச ஈர்க்குச்சிதான் உத்தமம். நுனியைத் தட்டையா சீவி, நாக்கைத் தொடாம, வெளிச்சுவர் ஓரமா விட்டு மெதுவா நெம்பி எடுங்க. வர்ற பஞ்சைப் பார்த்தா நீங்களே அசந்துபோவீங்க. வாயால ஊதாதீங்க, எச்சில் போகும்.

சுத்தம் பண்ணியும் சரியாகலைன்னா, போன் என்ன சொல்லுதுன்னு கவனிங்க. ஒரு பக்கம் செருகினா ஏறுது, திருப்பினா ஏறல? மேல் வரிசை அல்லது கீழ் வரிசையில ஒரு தொடுமுனை போயிருக்கு. நிறைய பேர் அப்படியே ஒரு வருஷம் ஓட்டறாங்க, தப்பில்ல. சார்ஜ் ஏறுது, ஆனா கம்ப்யூட்டர்ல போன் தெரியல? டேட்டா தொடுமுனை. மெதுவா மட்டும் ஏறுதா? சார்ஜரும் போனும் ஒண்ணையொண்ணு விசாரிச்சுக்கிற தொடுமுனைகள் இருக்கு, அதுல ஒண்ணு சரியா படலைன்னா ரெண்டும் பாதுகாப்பா குறைஞ்ச வேகத்துலயே இருந்திடும். வயரையும் சார்ஜரையும் மாத்திப் பார்த்துட்டுத்தான் இந்த முடிவுக்கெல்லாம் வரணும்.

அடுத்த கட்டம் பின்னையே மாத்தறது. இங்கேதான் உங்க மாடல் எப்படி வடிவமைக்கப்பட்டதுங்கிற வரலாறு உங்க தலையெழுத்தை முடிவு பண்ணுது. நிறைய ஆண்ட்ராய்டு போன்கள்ல சார்ஜிங் பின் கீழ்ப்பக்கம் ஒரு தனி சின்ன போர்டுல இருக்கும். கடைல "சப் போர்டு", "சிசி போர்டு"ன்னு கேட்டா குடுப்பாங்க. மெயின் போர்டோட ஒரு ஃபிளெக்ஸ் வயர்தான் தொடர்பு. பின் மூடியைச் சூடு காட்டிக் கழட்டி, ஸ்க்ரூ எடுத்து, முதல் வேலையா பேட்டரி கனெக்டரைக் கழட்டிட்டு, பழைய சப் போர்டை எடுத்துப் புதுசை வைக்கலாம். சால்டரிங் இல்ல. ஒரு விதத்துல பழைய நோக்கியா காலத்து எளிமை திரும்பி வந்த மாதிரி. ஆனா போர்டுல அச்சடிச்சிருக்கிற எண் பழையதோட பொருந்தணும். நகல் போர்டு போட்டா சில சமயம் ஃபாஸ்ட் சார்ஜிங் வராது. தண்ணி புகாம இருக்க போட்ட பசையும் போயிடும், அப்புறம் அந்தப் போனை மழையில எடுத்துட்டுப் போகக் கூடாது. கடலுக்கு எடுத்துட்டுப் போறவங்க இதைக் கட்டாயம் யோசிக்கணும்.

பின் நேரா மெயின் போர்டுல சால்டர் ஆகியிருந்தா, வீட்டுல வேண்டாம். ஹாட் ஏர், நுண்ணோக்கி, பழக்கப்பட்ட கை மூணும் வேணும். 24 கால்ல ரெண்டு ஒட்டிக்கிட்டா போனே போயிடும். பேட்டரி உப்பியிருந்தா பின் மூடியைத் தொடவே கூடாது. ஐபோனையும் நான் வீட்டு வேலைப் பட்டியல்ல சேர்க்க மாட்டேன். பின்னுக்குப் போக வழியில ஏகப்பட்ட பாகங்களைக் கழட்டணும்.

வேற மாதிரி செய்ய முடியாதுன்னு இல்ல. நெதர்லாந்துல ஃபேர்போன்னு ஒரு கம்பெனி, சார்ஜிங் பின்னைத் தனி மாட்யூலா வெச்சு, ஒரே ஒரு திருப்புளியால மாத்திக்கிற மாதிரி வருஷக்கணக்கா போன் வித்துக்கிட்டு இருக்கு. 2025 ஜூன் 20-ல இருந்து ஐரோப்பாவுல புது விதி: ஒரு மாடல் விக்கிறதை நிறுத்தி ஏழு வருஷம் வரைக்கும் உதிரிபாகம் தரணும். ரிப்பேர் தொழில் செய்யறவங்களுக்குத் தர வேண்டிய பட்டியல்ல சார்ஜிங் பின்னும் இருக்கு. நம்ம ஊர்ல 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரைட் டு ரிப்பேர்னு ஒரு இணையதளம் தொடங்கினாங்க. கம்பெனிகள் தர்ற தகவல், சர்வீஸ் சென்டர் விவரம், வாரன்டி விதிகள் அதுல இருக்கு. பாகம் கிடைக்குமா, என்ன விலைன்னு கேட்டா அது வேற கதை. 2025-ல, எந்தப் போனைச் சுலபமா ரிப்பேர் பண்ணலாம்னு மதிப்பெண் போடற திட்டத்துக்கு ஒரு குழு அறிக்கை குடுத்திருக்கு. மாமல்லபுரத்துக் கடைத் தம்பிக்கு அதைவிட உடனடித் தேவை, நல்ல தரமான சப் போர்டு ஒண்ணு, பில்லோட.

நோக்கியா மூடின கட்டடம் அஞ்சு வருஷம் சும்மா கிடந்துச்சு. 2019 நவம்பர்ல அதை சால்காம்ப் வாங்கறதா மத்திய அமைச்சர் அறிவிச்சார். பழைய நோக்கியா வளாகத்துல சார்ஜர் செஞ்சுக்கிட்டு இருந்த அதே சால்காம்ப். 2022 செப்டம்பர்ல செங்கல்பட்டு பக்கத்துல மஹிந்திரா வேர்ல்டு சிட்டில பெகட்ரான் ஐபோன் ஆலை திறந்தாங்க. 2025 தொடக்கத்துல அதோட பெரும்பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிச்சு. ஜிஎஸ்டி ரோட்டுல காலைல போனா, பெண் தொழிலாளர்களை ஏத்திட்டுப் போற பஸ்கள் மறுபடியும் வரிசையா நிக்குது. அங்கே இருந்து மாமல்லபுரம் ஒரு மணி நேரத்துக்குள்ள. கடைத் தம்பிகிட்ட சப் போர்டு எங்கேயிருந்து வாங்கறீங்கன்னு கேட்டேன். "ரிச்சி ஸ்ட்ரீட்ண்ணா. அவங்களுக்கு சைனாலேர்ந்து வருது"ன்னான். அண்ணனோட போனுக்கு அன்னைக்கு போர்டு இல்ல. ரெண்டு நாள் ஆகும்னு சொல்லி, பச்சையைக் கழுவி, ஒரு பக்கமா ஏறற அளவுக்குச் சரிபண்ணிக் குடுத்தான். "இந்தப் பக்கம் மட்டும் போடுங்கண்ணே"ன்னு முனையில மார்க்கரால ஒரு புள்ளியும் வெச்சான்.

உங்க போன்ல பின் சப் போர்டுல இருக்கா, மெயின் போர்டுலயான்னு தெரியணும்னா, மாடல் எண்ணோட "சப் போர்டு"ன்னு தேடிப் பாருங்க, படத்தோட வந்திடும். அடுத்த எபிசோட்ல உப்பின பேட்டரி பத்திப் பேசலாம். அதுவரைக்கும் யாரும் அதைக் குத்திப் பார்க்காதீங்க.